சைப்பிரஸ் கடலும் இரத்தோட்டைப் பீலியும்

படத்தில் கடல் அவ்வளவு நீலமாக இருந்ததே ரஜனிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. மத்தியதரைக் கடலோரத்துச் சைப்பிரசில் பதினோரு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு இலங்கை மலையகத்து இரத்தோட்டைக்குத் திரும்பியவள் அவள். மகனோடு அங்கே விடுமுறைக்குப் போகவிருந்த ஓய்வுபெற்ற அதிகாரி விஜயரத்தினம், எந்தக் கடற்கரை நல்லதென்று கேட்டுப் போனை நீட்டியிருந்தார்.

"சுத்தமான கடலெண்டு நீலக்கொடி ஏத்தியிருக்கினம், பாரும்."

"கொடிய யாரும் ஏத்தலாம்ங்க ஐயா. ஓட்டல் கான்ல ஓடுற அழுக்குத் தண்ணி எங்க வந்து விழுதுன்னு படத்துல காட்டலையே?"

தோட்டத்து லயத்தில், மலைத்தண்ணீர் வந்து விழும் பீலியில் குடத்தை வைக்குமுன், மேலே யாராவது துணி துவைக்கிறார்களா என்று ஏறிப் பார்த்து வளர்ந்தவள். கடலையும் அப்படித்தான் பார்த்தாள். ஆள் குளிக்காத இடத்தில் அலை சும்மா கிடந்தாலும் நம்பமாட்டாள். அடியில் இழுவை இருக்கும் என்பாள். ஒவ்வொரு படமாகத் தள்ளி, கடைசியில் அரை மனதோடு ஒன்றைக் காட்டினாள்.

"இது பரவால்ல. காப்பாத்துறதுக்கு ஆள் நிப்பாங்க."

"இவ்வளவு தெரியுதே, நீர் நல்லா நீந்துவீர் போல!" என்று விஜயரத்தினம் சிரித்தார்.

"நீந்தத் தெரியாதுங்க ஐயா. அங்க நான் வேல செஞ்ச வீட்டு மேடம் மொதல்ல என்னையத்தான் கழுத்தளவு தண்ணியில எறக்கிப் பார்ப்பாங்க. நான் திரும்பி வந்தாத்தான் புள்ளைங்கள விடுவாங்க."