அறுபது ஆடும் ஆமோஸ் கிட்சினும்

எங்கள் பள்ளத்தாக்கில் முட்டாள்தனத்துக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. ஆனால் தன் முட்டாள்தனத்தைத் தானே வீடு வீடாகச் சொல்லிச் சிரித்தவர் ஆமோஸ் கிட்சின் ஒருவர்தான். அடுத்தவன் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் பாதி வலி குறையும் என்பது அவர் கட்சி.

நாற்பத்தொரு வயதில் ஹைகார்த் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். எங்கள் பக்கம் மலைப்பண்ணை என்றால் வீடு, கொட்டகையோடு முந்நூறு ஆடும் சேர்ந்தே வரும். அவை நிலச்சொந்தக்காரருடையவை. குத்தகைக்காரன் போவான், வருவான். ஆடு மட்டும் போகக்கூடாது. மலையில் வேலி கிடையாதே! ஒவ்வொரு மந்தைக்கும் ஒரு சரிவு. தாய் குட்டிக்குக் காட்டும், அந்தக் குட்டி தன் குட்டிக்குக் காட்டும். ஆடு இப்படி இடத்தோடு ஒட்டிக்கொள்வதற்கு ஹெஃப்ட் என்று பெயர். தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

ஆமோஸுக்கும் தெரியும். தெரிந்தேதான் கெடுத்தார். முதல் வசந்தத்தில் சந்தைக்குப் போனவர், சாம்பல் நிற மலையாடுகளில் அறுபதை விற்றுவிட்டுச் சமவெளியிலிருந்து வந்த அறுபது வெள்ளை ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"நம்ம ஆடு ஒவ்வொண்ணும் நனைஞ்ச சாக்கு மாதிரி நிக்குது. அதுங்க கல்யாணப் பொண்ணு மாதிரி நின்னுச்சு. இந்த வயசுல மயங்கிட்டேன், என்ன பண்ண?" என்று பிறகு அவரே சொல்லுவார்.

மூன்றாம் நாள் கல்யாணப் பெண்கள் அறுபதும் பக்கத்து மலையில் இருந்தன. அது ரூத் ஸ்டெயின்டனுடையது. விதவை, இரண்டு நாய், ஒரு நாக்கு, மூன்றும் கடிக்கும்.

"யோவ் ஆமோஸ், உன் விருந்தாளிங்க வந்திருந்தாங்க. டீ குடுத்தேன். கேக் இல்லையான்னு கேக்குறாங்க" என்று வாசலில் நின்று கத்திவிட்டு, ஓட்டிவந்த ஆடுகளை விட்டுப் போனாள்.

விஷயம் நிலச்சொந்தக்காரரின் ஏஜென்ட் ஃபோதர்கில் காதுக்கு எட்டியது. மெலிந்த மனிதர், திட்டுவதைக்கூடப் பாடம் நடத்துவதுபோல் நடத்துவார்.

"ஹெஃப்ட்டுங்கிற வார்த்தை எங்கேருந்து வந்துச்சு தெரியுமா, மிஸ்டர் கிட்சின்? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வடக்குக் கடல் தாண்டிக் கப்பல்ல வந்த நார்ஸ்காரங்க கொண்டுவந்ததும்பாங்க. அவங்க சட்டத்துல அதுக்கு அனுபவ பாத்தியதைன்னு அர்த்தம். பத்திரம் வேண்டாம், நெடுநாள் விடாம பிடிச்சிருந்தா போதும். அவ்வளவு பழைய பாத்தியதைய நீங்க ஒரே நாள்ல சந்தையில வித்துட்டு வந்திருக்கீங்க."

ஆமோஸ் தொப்பியைக் கசக்கினார்.

"நவம்பர்ல வருவேன். அறுபதும் ஹைகார்த் சரிவுல நிக்கணும். இல்லேன்னா நீங்க பெட்டியைக் கட்டிக்கலாம்."

ஒட்டாத ஆட்டை ஒட்டவைக்க எங்களிடம் ஒரே வழிதான் உண்டு. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எல்லையில் நின்று, தாண்டும் ஆட்டைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆமோஸ் நின்றார். கோடை என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் அந்த மழையில் நின்றார். "ஆளுங்க நாய் வளப்பாங்க. எங்க வீட்டுல நாய் அடுப்படியில தூங்குது, நான் குரைக்கிறேன்" என்று மனைவி எஸ்தரிடம் சொன்னார். முழங்கால் வீங்கியது. ஹைகார்த்தை இழந்தால் வேறு பண்ணை கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும்.

இரண்டாம் வாரம் அவர் கோட்டுப் பையில் ஓட்ஸை நிரப்பிக்கொண்டு மலையேறினார். ஒட்டாத ஆட்டுக்குக் கையால் தீனி போடவே கூடாது. தின்றுவிட்டால் அது மலையைப் பார்க்காது, கையைத்தான் பார்க்கும். அதுவும் தெரிந்ததுதான். ஊருக்கே தன் கதையைச் சொன்ன மனிதர் இதை மட்டும் எஸ்தரிடம்கூடச் சொல்லவில்லை.

இலை உதிரும் காலத்தில் ஓர் ஆடும் எல்லை தாண்டவில்லை. ரூத்தே வாயைப் பிளந்தாள்.

நவம்பரில் ஏஜென்ட் வரும் நாளன்று ஆமோஸ் மலைக்குப் போகாமல், நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருந்தார். சாட்சிக்கு ரூத்தும் வந்தாள். ஃபோதர்கில் முற்றத்து மதிலோரம் நின்று தொலைநோக்கியை உயர்த்தினார்.

"சாம்பல் நிற ஆடு தெரியுது. வெள்ளை ஒண்ணுகூடக் காணோமே?"

அப்போது எஸ்தர் பின்கதவைத் திறந்தவள் திறந்தபடியே நின்றுவிட்டாள். அறுபதும் கொல்லையில் நின்றன. ஒன்று நிலைப்படியைத் தாண்டித் தலையை நீட்டி ஆமோஸைப் பார்த்துக் கத்தியது.

அவர் வெளியே வந்தார், கூட்டம் அவரைச் சூழ்ந்தது. கொட்டகைவரை நடந்தார், நடந்தது. நின்றார், நின்றது. ரூத் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆமோஸ் ஓட்ஸ் கதையை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார்.

"இதுங்க மலைக்கு ஹெஃப்ட் ஆகலை, மிஸ்டர் கிட்சின்" என்றார் ஃபோதர்கில். "உங்களுக்கு ஆகியிருக்கு."

"தெரியுது சார். பெட்டியைக் கட்டிடறோம்."

எஸ்தர் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கட்டிட்டு எங்க போவீங்க? நீங்க போனா அறுபதும் பின்னாலயே வந்துடும். முதலாளி சொத்தை நான் எப்படி விடுறது?" ஃபோதர்கில் தொலைநோக்கியை உறையில் போட்டார். "இனிமே பண்ணையோட சேர்ந்தது முந்நூறு ஆடும் ஒரு ஆமோஸும். எந்தக் குத்தகையிலயும் பிரிக்கக்கூடாது."

"பல்லைப் புடிச்சு வயசு பாத்துக்குங்க ஐயா, கிழட்டு உருப்படியை ஏமாத்தித் தள்ளிடப் போறாங்க" என்றாள் ரூத்.

எஸ்தர் அழுதுகொண்டே சிரித்தாள். ஆமோஸும் சிரிக்கப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டதே தவிர சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் தினமும் மலையில போய் நிக்கணுமா சார்?"

"நீங்க நிக்கிற இடத்துலதானே அதுங்க நிக்கும்."

"எதுவரைக்கும்?"

ஃபோதர்கில் வானத்தைப் பார்த்தார். மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"அதுங்க குட்டி போட்டு, அந்தக் குட்டியும் குட்டி போடறவரைக்கும். சீக்கிரம் கிளம்புங்க. அதோ, ஒண்ணு உள்ள போய் உங்க ரொட்டியைத் திங்குது."