காத்தாயியின் ரெக்கார்டு பெட்டி

காத்தாயியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவள் புருஷன் உத்திராபதியின் டிவி பைத்தியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எறையூரில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே என்ன சேனல் ஓடுகிறது என்று என் கட்டிலில் படுத்தபடியே சொல்லிவிடுவேன். எத்தனை தடவை சண்டைக்குப் போயிருக்கிறேன்! “காது ரெண்டையும் கழட்டி வச்சுட்டியாய்யா?” என்று கத்துவேன். “உங்களுக்கும் சேத்துத்தான் வைக்கிறேன் மச்சான், ஒங்க வூட்டு கரண்டு மிச்சம்” என்பான். அவனிடம் பேசி ஜெயிக்க முடியாது.

அவர்கள் வீட்டில் இருந்தது மாதா மாதம் பணம் கட்டத் தேவையில்லாத டிஷ். அதற்கென்று அவன் வாங்கிய செட்டாப் பெட்டியில் பென்டிரைவைச் சொருகி விட்டால் ஓடுகிற நிகழ்ச்சியைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் அரசு டிவியில் உழவர்களுக்கென்று வேளாண்மை அதிகாரி பேசுகிற ஒரு நிகழ்ச்சி வரும். அந்த நேரம் பார்த்து அவன் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருப்பான். சிவப்புப் பொத்தானை அழுத்திப் பதிவு செய்வது காத்தாயியின் பொறுப்பு. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பொத்தான்கள் இருக்கிற இடம் மட்டும் விரலுக்குத் தெரியும். அடுப்பு வேலையில் அசந்துபோய் முதல் பாதி விட்டுப்போனால் உத்திராபதிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. “அந்த ஆபீசரு வூட்டுக்கே போயி கேட்டுட்டு வாங்களேன்” என்பாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

வியாழக்கிழமைகளில் நேரலை, அன்றைக்கு மட்டும் அவன் வயலுக்குப் போகமாட்டான். பார்க்கிறவர்கள் போன் போட்டு வேளாண்மை அதிகாரியிடம் சந்தேகம் கேட்கலாம். ஒரு வருஷம் உத்திராபதியின் கரும்பில் செவ்வழுகல் விழுந்தது. தோகை காய்ந்து, கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவந்து கிடந்தது. வாரம் தவறாமல் போன் போட்டான், கிடைக்கவில்லை. விடவும் இல்லை. ஒரு வியாழக்கிழமை லைன் கிடைத்தே விட்டது.

“வணக்கம் சார், எறையூர்லேந்து உத்திராபதி பேசுறேன்” என்று ஆரம்பித்தான். பக்கத்தில் டிவி அலறியதால் அவன் குரல் இரண்டு இரண்டாகக் கேட்டது. நிகழ்ச்சி நடத்தும் பெண், “ஐயா, உங்க டிவி சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க” என்றாள். உடனே இவன், தமிழ்நாடே கேட்டுக்கொண்டிருப்பதை மறந்து, “ஏ காத்தாயி! சத்தத்தக் கொறைடி, சாரு பேசணும்ல” என்று அதட்டினான். பின்னாலிருந்து காத்தாயியின் குரல் மெல்லக் கேட்டது: “கொறைச்சுட்டேன், கொறைச்சுட்டேன்.” அப்புறம்தான் செவ்வழுகல். நோய் வந்த தூரைத் தோண்டி எடுத்து எரித்துவிடச் சொன்னார் அதிகாரி.

அதை அவள் ஒழுங்காகப் பதிந்திருந்தாள். தெருவே வந்து உட்கார்ந்து பார்த்துச் சிரித்தது. கொஞ்ச நாளைக்கு எங்கள் தெருவில் யார் வாயைத் திறந்தாலும் “சத்தத்தக் கொறைடி” என்றுதான் கிண்டல்.

அடுத்த தை மாதம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான் உத்திராபதி. எழுந்திருக்கவில்லை. டிராக்டரில் ஏற்றிப் பாதி தூரம் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போட்டோக்கள் இருந்தன. குரல்தான் எங்கும் இல்லை. அவன் வைத்திருந்தது சாதாரண பட்டன் போன். மகன் கலையரசனின் கல்யாண வீடியோவில் தேடினார்கள். அதில் உத்திராபதி வாயை அசைத்துப் பந்தியில் யாரையோ அதட்டுகிறான், மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. மிஞ்சியது உழவர் நிகழ்ச்சியில் பேசிய அந்தப் பதிவு ஒன்றுதான்.

காரியம் முடிந்த மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து “ஏ காத்தாயி!” என்று கேட்டபோது கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் புரிந்தது. தினமும் அதைப் போடுவாள். அவன் கூப்பிடுவான். பதிவில் இருக்கிற தன் குரலோடு சேர்ந்து இவளும் “கொறைச்சுட்டேன்” என்பாள். பிறகு எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். அந்தச் சத்தத்துக்கு நான் ஒரு நாளும் சண்டைக்குப் போகவில்லை. கேட்காத நாளில் எனக்கே என்னவோ போலிருக்கும்.

கலையரசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. ஆடிக்கு வந்தவன், பெட்டி சூடாகிச் சூடாகி நின்றுபோவதைப் பார்த்தான். பெரம்பலூர் கடையில் பழைய பெட்டியைக் கொடுத்தால் புதுசு தள்ளுபடியில் கிடைக்கும் என்றான். காத்தாயிக்கு ஒரே பயம்தான். பென்டிரைவைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். “பொட்டிய என்ன வேணா பண்ணு. அப்பா இதுலதான் இருக்காரு, இது எங்கிட்டயே இருக்கட்டும்” என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாருக்குத்தான் படாது?

பழையதைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதுப் பெட்டி வந்தது. பென்டிரைவைச் சொருகினார்கள். பதிவின் பெயர் திரையில் வந்தது. அழுத்தினால் ஒன்றும் இல்லை, கறுப்புத்தான். கழற்றினார்கள், துடைத்தார்கள், மறுபடி சொருகினார்கள். மறுபடியும் கறுப்பு.

மறுநாள் மூன்று பேரும் பெரம்பலூருக்கு பஸ் ஏறினோம். கடைக்காரர் பொறுமையானவர். “எந்தப் பொட்டில பதிஞ்சுதோ அந்தப் பொட்டிலதாம்மா ஓடும். பென்டிரைவுல இருக்கறது பூட்டுன மாதிரி. சாவி பொட்டிக்குள்ள இருக்கு” என்றார். பாழாய்ப்போனவன் எவனோ அப்படிச் செய்து வைத்திருக்கிறான். வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன?

பழைய பெட்டிகளில் முக்கால்வாசி முந்தின நாளே லாரியில் போய்விட்டிருந்தன. மிச்சம் ஒரு சாக்கு இருந்தது. காத்தாயி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். ஆயுத பூஜைக்குத் தன் பெட்டிக்கு அவள் குங்குமம் வைப்பாள். குங்குமக் கறையோடு ஒரு பெட்டி கிடைத்தது! கடைக்காரர் டிவியில் மாட்டினார். கறுப்புத்தான் வந்தது. அது வேறு யாரோ வைத்த குங்குமம்.

கலையரசன் கடை வாசலில் நின்று குழந்தை மாதிரி அழுதான். “நீ என்னப்பா பண்ணுவ, நாந்தானே பொட்டிய குடுக்கச் சொன்னேன்” என்று அவனைத் தேற்றினாளே தவிர அவள் அழவில்லை. அது எனக்குப் பிடிக்கவே இல்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

மகன் ஊருக்குப் போன பிறகு அவள் வீட்டில் டிவி சத்தமே இல்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி கேட்டது, அதே உழவர் நிகழ்ச்சி. நானும் என் டிவியைப் போட்டேன்.

“வணக்கம், யாரு பேசுறீங்க?”

“எறையூர்லேந்து பேசுறேங்க.” காத்தாயி! டிவியிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்டது.

“அம்மா, உங்க டிவி சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க.”

“கொறைக்கிறேங்க. எப்பவும் அவருதாங்க எனக்குச் சொல்லுவாரு” என்றாள்.

“சரிம்மா, உங்க கேள்வியச் சொல்லுங்க.”

“கேள்வி இல்லீங்க. முன்ன ஒரு தடவ உத்திராபதின்னு எங்க வூட்டுக்காரரு ஒங்ககிட்ட பேசினாரு, கரும்புல செவ்வழுகல்னு. அத திரும்ப ஒருக்கா போடுவீங்களா?”

“செவ்வழுகலுக்கு என்ன பண்ணணும்னு கேக்குறீங்களாம்மா?”

“இல்லீங்க. அதுல என் பேரச் சொல்லிக் கூப்புடுவாரு. அது மட்டும் போதுங்க.”

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ. “சார் பதில் சொல்லுவாரும்மா” என்றாள். லைன் போய்விட்டது. அதிகாரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நோய் வந்த தூரைத் தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்து அவள் வீட்டுக்குப் போனேன். டிவிக்கு எதிரில் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் அதிகாரியின் வாய் மட்டும் அசைந்தது.

“காத்தாயி” என்று கூப்பிட்டேன்.

அவள் திரும்பவில்லை.

“கொறைச்சுட்டேன்” என்றாள், “கொறைச்சுட்டேன்.”