கெண்டை நீந்திய மழைத்தண்ணீர்

என் மனைவி விளாஸ்தா செக் நாட்டின் ஓஸ்ட்ராவா நகரில் டிராம் ஓட்டுகிறாள். வீட்டு மீன்தொட்டியில் பல வகைச் சிறுமீன்களுக்கு நடுவே ஒரு ஜோடி குள்ளச் சிக்லிட் மீன்களை வளர்க்கிறாள். விரல் நீளம்தான், ஆனால் குழாயில் வரும் கடின நீர் அவற்றுக்கு ஆகாது. அதனால் மழைத்தண்ணீரைப் பிடித்துக் குளியல் தொட்டியில் சேர்த்து, வாரம்தோறும் கொஞ்சம் மாற்றுவாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, இங்கே எல்லா வீட்டிலும் செய்வதுபோல, விருந்துக்குப் பொரிக்க உயிருள்ள கெண்டையை வாங்கிவந்து குளியல் தொட்டியில் விட்டேன்.

“யோவ், உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு? சிக்லிட்டுக்கு வெச்ச தண்ணிய்யா அது!”

“நீதான் கெண்டைக்கு ரொப்பி வெச்சிருக்கேன்னு நெனச்சேன்டி.”

கெண்டை அழுக்காக்கிய தண்ணீர் இனி உதவாது; மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற வேண்டிய நாளோ ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது. சிக்லிட்டுகள் நிறம் வெளுத்து மூலையில் ஒதுங்கியிருந்தன. விளாஸ்தா போட்ட சத்தம் ஆறு மாடிக்கும் கேட்டது.

கீழ்வீட்டு ஹிளாவாச்கோவா அம்மா வாளி நிறையப் பனியோடு ஏறிவந்தார். “கத்துனது போதும்மா. இப்ப விழுந்த பனி, இதுவும் மழைத்தண்ணி மாதிரிதான், உருக்கி ஊத்து.” பின்னாலேயே மற்ற வீட்டுக்காரர்களும் சட்டி பானையோடு வந்தார்கள். மறுநாள் ஆண் சிக்லிட்டின் நீல நிறம் திரும்பிவிட்டது.

விருந்தன்று விளாஸ்தா கெண்டையைப் பொரித்து, பனி கொண்டுவந்த வீடுகளுக்கெல்லாம் அனுப்பினாள். மிஞ்சியது ஒரே துண்டு. அதில் முள் இல்லாத பாதியை என் தட்டில் வைத்தாள்.