ஒரிஜினல் வாங்கியவன்

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனிக்காரர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. வயது ஏற ஏறக் கோபம் ஆறும் என்கிறார்கள். எனக்கு முடி நரைத்ததுதான் மிச்சம்.

அப்போது தம்பானூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒழுங்குபடுத்தி சிடியில் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. முகூர்த்த மாதங்களில் ஸ்டுடியோவில் முடியாததை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுதுவேன். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகை வீடு. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த நானும் அம்மாவும் மட்டும்தான். ஒரு கம்ப்யூட்டரும் சிடி எழுதும் டிரைவும் பாதி அறையை அடைத்துக்கொண்டு இருந்தன.

கிழக்கேகோட்டையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, நடைபாதையில் எல்லா விளையாட்டும் திருட்டு டிஸ்காகக் கிடைக்கும். ஊரே அதைத்தான் வாங்கியது. டிஸ்க் எழுதிப் பிழைக்கிற எனக்கு அதன் மேல் ஓர் இளக்காரம். வாங்கினால் ஒரிஜினல்தான் என்று வீம்பு பிடித்தேன்.

ஒரிஜினல் எங்கே கிடைக்கும்? கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருந்த அண்ணாச்சியைப் பிடித்தேன். அவர் மார்த்தாண்டத்துக்காரர், வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார். திருட்டு டிஸ்க் விற்றால் நல்ல வியாபாரம் ஆகும் என்று யார் சொன்னாலும், "களவு மொதலு என் கடையில ஏறாது" என்று ஒரே பதில்.

"ஒருத்தனுக்காக எப்படிடே எடுக்கது? மெட்ராஸ்காரன் மொத்தமா எடுத்தாத்தான் தருவான்" என்றார்.

"ஸ்டுடியோவுல எல்லாவனும் வாங்குவான் அண்ணாச்சி. நான் பொறுப்பு."

என் வாக்கை நம்பி ஒரு அட்டைப்பெட்டி நிறைய வரவழைத்தார். கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்கினார். முதல் டிஸ்கை நான்தான் வாங்கினேன்.

அன்றைக்கே சனியன் பிடித்தது. விளையாட்டு முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றியாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் டிஸ்கை டிரைவில் போட்டுக் காட்ட வேண்டும். அதோடு விட்டதா? சிடி எழுதும் மென்பொருள் என் கம்ப்யூட்டரில் இருப்பதை மோப்பம் பிடித்து, அதை நீக்கினால்தான் ஓடுவேன் என்றது. அது என் பிழைப்பு. விளையாட வேண்டுமானால் பிழைப்பை நீக்கு, பிழைக்க வேண்டுமானால் மறுபடி ஏற்று. ஒரு மாதம் அப்படியும் செய்தேன், வெட்கமில்லாமல். பத்திரத்துக்கு ஒரு நகல் எழுதி வைக்கலாம் என்றால் அதற்கும் பூட்டு. நடைபாதையில் வாங்கியவன் எந்தத் தொல்லையும் இல்லாமல் விளையாடிக்கொண்டிருந்தான்.

அப்புறம் பூஜை வைப்பு வந்தது. அஷ்டமியன்று சாயங்காலம் வீட்டிலுள்ள புத்தகம், ஆயுதம் எல்லாவற்றையும் சாமி முன் வைத்து, சந்தனம் தொட்டு, விஜயதசமி காலைவரை தொடாமல் இருப்பது வழக்கம். நான் ஸ்டுடியோவில் இருந்தேன். என் ஆயுதம் எது என்று அம்மாவே தேடியிருக்கிறாள். உறையில்லாமல் கிடந்த நூறு டிஸ்குகளுக்கு நடுவே, பளபளவென்று பெட்டிக்குள் இருந்தது ஒன்றுதான். எடுத்து வைத்துவிட்டாள்.

விஜயதசமியன்று திரும்ப எடுத்துத் தந்தாள். டிரைவில் போட்டேன். "ஒரிஜினல் டிஸ்கைப் போடவும்" என்றது திரை. வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மின்னுகிற பக்கம் முழுக்கக் கீறல்.

"இது என்னம்மா?"

"சந்தனம் காஞ்சு ஒட்டிப் பிடிச்சிருந்துது. வெளக்கு தேய்க்குத புளியும் சாம்பலும் போட்டு ஒரு தேய் தேய்ச்சேன்."

"சந்தனத்த ஏன் இந்தப் பக்கம் வச்ச?"

"அந்தப் பக்கம் மண்டயோடு படம்லா போட்டிருக்கு. அது மேல யாராவது சந்தனம் வைப்பாவளா? அதான் திருப்பிப் போட்டு வச்சேன், பாத்துக்க."

அம்மாவை என்ன சொல்ல முடியும்? பக்தியோடு செய்திருக்கிறாள். என் வயிற்றெரிச்சல் முழுவதும் கம்பெனி மேல் திரும்பியது. விளையாட்டு கம்ப்யூட்டருக்குள் முழுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. நான் காசு கொடுத்து வாங்கியவன். என்னைத் திருடன் இல்லை என்று நிரூபிக்கச் சொல்லி வாசலில் நிற்கிறது ஒரு பூட்டு.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கம்பெனிக்கு ஈமெயில் எழுதினேன், பில் நம்பரோடு. இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. டிஸ்கை மென்மையான துணியால் துடைத்துப் பார்க்கவும், உங்கள் நாட்டில் மாற்று டிஸ்க் கொடுப்பதில்லை, எங்கள் விளையாட்டுகளைத் தொடர்ந்து அனுபவிக்கவும். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எழுந்தேன்.

நேரே நடைபாதைக்குப் போனேன். பூட்டை உடைத்த ஃபைல் ஒன்று வாங்கி வந்தேன். போட்ட மாத்திரத்தில் விளையாட்டு ஓடியது. டிஸ்க் கேட்கவில்லை, என் மென்பொருளைப் பற்றிக் கேள்வி இல்லை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பழி வாங்கும் வெறிதான் வந்தது.

டிஸ்க் எழுதுவது என் தொழில். அவர்கள் வம்புக்கு இழுத்த ஆள் யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பூட்டு உடைத்த விளையாட்டை எழுத ஆரம்பித்தேன். ஸ்டுடியோவில் எல்லோருக்கும் கொடுத்தேன். பிரவுசிங் சென்டர்களில் நானே போய் ஏற்றினேன். பிறகு கல்யாண ஆல்பம் வாங்க வந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் படங்களின் சிடியோடு இன்னொன்றையும் உறையில் போட்டேன். தாலி கட்டிய படத்தோடு மண்டையோடும் சேர்ந்து போயிற்று. பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. அவருக்கும் ஒன்று கொடுத்தனுப்பினேன். ஒவ்வொரு டிஸ்க் எழுதி முடியும்போதும், கம்பெனிக்காரன் வீட்டுக் கூரையிலிருந்து ஓர் ஓட்டைப் பிரித்து எறிந்த திருப்தி.

அண்ணாச்சிக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இல்லாமல் இல்லை. அதனால்தான் அவர் கடைப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் நடந்தேன். மழைக்காலம் முடிந்து மவுஸ் கெட்டுப்போனபோது வேறு வழியில்லாமல் போனேன்.

கண்ணாடி அலமாரியில் பெட்டிகள் அப்படியே இருந்தன. வெயில் பட்டு அட்டை வெளுத்திருந்தது. நான் வாங்கியது இருந்த இடம் மட்டும் காலி. ஏச்சு விழும் என்று காத்து நின்றேன். அவர் மவுஸை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

"ஒண்ணு கூட போகல்ல, கேட்டியா" என்றார். "எல்லாவனும் வாறான். டிஸ்க் போடாம ஓடுகது இருக்கா அண்ணாச்சீன்னு கேக்கான். இல்லேன்னா போயிருகான்."

"மெட்ராஸ்காரன் திரும்ப எடுக்க மாட்டானா?"

"அவன் எதுக்கு எடுக்கான்? கம்பெனிக்குச் சேர வேண்டிய பைசா அப்பவே போயாச்சுல்லா."

நான் இத்தனை மாதம் எழுதியதில் ஒரு டிஸ்க் கூட அவர்கள் மேல் விழவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்கு வர வேண்டியது, அண்ணாச்சி அந்தப் பெட்டிகளை எடுத்த அன்றே வந்து சேர்ந்துவிட்டது. எல்லாம் விழுந்தது இந்த மேசை மேல்.

அண்ணாச்சி வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ எழுதிக் கொடுக்கேன்னு சொன்னாவ. எனக்கும் கொஞ்சம் எழுதித் தா மக்கா. வெளிய வைக்க மாட்டேன். மேசைக்கு அடியில வச்சுக் கொடுக்கேன்."

செரி அண்ணாச்சி என்றேன். மறுநாள் கொண்டுபோனேன். பழைய பேப்பரில் சுற்றியா கொண்டுவந்தாய் என்று கேட்டு வாங்கினார். ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.