கண்ணாடி அலமாரியில் கவிதாவின் புத்தகங்கள்

போன வாரம் பினாங்கில் ஜெலுத்தோங் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் பாச்சை உருண்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் பார்த்துவிட்டார். "என்ன டீச்சர், சாப்பிடுற சாமான் இல்ல லா அது!" அவருக்கென்ன தெரியும்? எனக்கு அந்த வாசனை என்றால் புத்தகம்தான். ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நூலகப் பொறுப்பைப் பார்த்த காலமெல்லாம் என் சேலையில் அதே நெடிதான். பக்கத்தில் உட்காரவே வீட்டுக்காரர் யோசிப்பார்.

அந்த வாசனையோடு புஷ்பா அக்காவும் வந்துவிடுவார். எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பு படித்த கவிதாவின் அம்மா. டெங்கிக் காய்ச்சலில் அந்தப் பிள்ளை போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா பள்ளிக்கு வந்து, மகள் பெயரில் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கித் தரவேண்டும் என்றார். எங்கள் பக்கம் இறந்தவர் பெயரைக் கோயில் நாற்காலியிலும் மின்விசிறியிலும் எழுதிவைப்பார்கள். புத்தகம் என்று ஒருவர் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் அப்போதுதான் நூலகப் பயிற்சி முடித்து வந்திருந்தேன். தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. லிட்டில் இந்தியா புத்தகக் கடையில் நல்லொழுக்கம், பொது அறிவு என்று மளமளவென அடுக்கினேன். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார்.

"இதெல்லாம் எம்பொண்ணு தொடவே மாட்டா டீச்சர். அவளுக்குப் பேய்க்கதை வேணும். யானை வேணும்."

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த எந்த விதியிலும் பேய் இல்லை. இருந்தும் இரண்டு பெட்டி நிறையப் பேயும் யானையும் பள்ளிக்கு வந்து சேர்ந்தன.

ஒவ்வொன்றிலும் 'கவிதா நினைவாக' என்று ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டேன். தலைமையாசிரியை அவற்றைப் பாச்சை உருண்டைகளோடு கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "பிள்ளைங்க கிழிச்சிட்டா அந்தம்மா மனசு என்ன ஆகும்?" என்றார். எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. அக்கா கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமுக்கு வீடு மாறிய பிறகும், ஆண்டுதோறும் மகள் பிறந்தநாளன்று ஃபெரி ஏறி வருவார். கண்ணாடி வழியாகப் பார்ப்பார். என் கையில் லட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

பிறகு கணினிகள் வந்தன. நூலகத்தில் பாதி அறை போயிற்று. யாரும் இரவல் எடுக்காத புத்தகங்களைப் பழைய பேப்பருக்குப் போடச் சொன்னார்கள். பின்னட்டைத் தாளில் தேதி முத்திரை இல்லையென்றால் வெளியே. கவிதாவின் புத்தகங்களில் ஒன்றில்கூட முத்திரை இல்லை. இருக்குமா, பூட்டி வைத்திருந்தோமே!

சொல்லாமல் தூக்கிப்போட மனம் வரவில்லை. அக்காவை வரவழைத்து அலமாரியைத் திறந்தோம். அவர் ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தார். ஒட்டிக் கிடந்த பக்கங்கள் மொடமொடவென்று பிரிந்தன.

"ஒருத்தரும் தொடலையா டீச்சர்?"

"பத்திரமா இருக்கட்டும்னுதான் அக்கா…"

"எம்பொண்ணு கையில கிடைச்சிருந்தா ஒரே வாரத்துல அட்டை போயிருக்கும்." விரித்த புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "பிள்ளைங்கள கூப்பிடுங்க."

ஓய்வு மணி அடித்ததும் கூட்டம் மொய்த்துவிட்டது. முத்திரை குத்திக் குத்தி மை காய்ந்தே போனது. பள்ளி விடும்போது அலமாரியில் பாச்சை உருண்டைகள் மட்டும் கிடந்தன. கெடு முடிந்த பின்னும் திருப்பிக் கேட்டு யாருக்கும் நான் சீட்டு அனுப்பவில்லை. நூலகப் பொறுப்பாளர் செய்கிற காரியமா அது? ஆனாலும் செய்தேன்.

அடுத்த பிறந்தநாளுக்கு அக்கா வந்தபோது, திரும்பியிருந்தது ஒரே ஒரு புத்தகம்தான். அட்டை இல்லை. மைலோ கொட்டிய கறை. யானைக்கு யாரோ நீலக் கலர் அடித்து, ஒரு தொப்பியும் வரைந்திருந்தார்கள். காட்டவே எனக்குப் பயமாக இருந்தது. அக்கா அதை மடியில் வைத்து, கிழிந்த ஓரங்களை விரலால் நீவி நீவி விட்டார். இத்தனை ஆண்டுகளில் பள்ளிக்கூடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதார்.

"இத மட்டும் நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவா டீச்சர்?"

நானே அதை அவர் பையில் வைத்துக் கொடுத்தேன். அதற்கடுத்த ஆண்டு லட்டு வரவில்லை. அக்காவும் வரவில்லை; கண்ணாடி வழியாகப் பார்க்க இனி அவருக்கு என்ன இருக்கிறது? அந்தக் கண்ணாடி அலமாரியில் இப்போது பரிசுக் கோப்பைகள் நிற்கின்றன, பூட்டுப் போட்டு. பேய்களும் யானைகளும் எந்தெந்த வீட்டில் கிழிந்து முடிந்தனவோ, தெரியாது.