மாமனாரின் வாட்ச்சுக்கு ஒரு வைண்டர்

மாமனார் வீட்டுக் கதவு திறந்ததும் என் மனைவி முதலில் பிடிப்பது அவருடைய இடது மணிக்கட்டைத்தான். பார்க்கிறவர்கள் பாசம் என்று நினைப்பார்கள். பாசம்தான், ஆனால் அதற்குள் ஒரு விசாரணையும் இருந்தது. மணிக்கட்டைத் திருப்பி வாட்ச்சைப் பார்ப்பாள். பிறகு தன் கைப்பேசியைப் பார்ப்பாள். கடைசியாகத்தான் அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி அவர் வீடு. பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து ஞாயிறுதோறும் குழம்புப் பாத்திரத்தோடு போவோம். படியேறிய எனக்கு மூச்சிரைப்பு அடங்குவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

“புதன்கிழமையே நின்னு போச்சு, அப்பா.”

“நிக்கட்டுமே. எனக்கு என்ன ஆபீஸா இருக்கு?”

அது ஆட்டோமேட்டிக் வாட்ச். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. ரயில்வே என்றதும் நொடி பிசகாத மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. மாமனார் இருந்தது பார்சல் பிரிவில். பார்சல்களுக்கு அவசரம் கிடையாது, அவருக்கும் கிடையாது. அந்த வாட்ச்சுக்கு பேட்டரி இல்லை. உள்ளே அரைவட்டத்தில் ஒரு சின்ன எடை இருக்கிறது. கட்டியிருப்பவர் கையை வீசி நடந்தால் அது சுழன்று உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை முறுக்கும். நடக்காமல் நாற்காலியில் சாய்ந்துகிடந்தால் ஒன்றிரண்டு நாளில் முறுக்கு தளர்ந்து முள் நின்றுவிடும். இது போதாதென்று ஓரத்தில் ஒரு குட்டிச் சன்னல், அதில் தேதி. எந்தத் தேதியில் நின்றது என்பதை அந்தச் சன்னல் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடும். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு, நடந்தால்தான் கால் உங்களுடையது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமனாரோ டிவிக்கு எதிரே இருந்த நாற்காலிக்குத் தன்னை எழுதிக் கொடுத்துவிட்டார். நடந்தீர்களா என்று மகள் கேட்டால் நடந்தேன் என்பார். வாட்ச் மறுக்கும். தன் கையிலேயே ஒரு கோள்மூட்டியைக் கட்டிக்கொண்டு திரிந்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கெடு விதித்துவிட்டாள். “இனிமே வாட்ச் நின்னுச்சுன்னா நேரா கிள்ளானுக்குத்தான். எங்க வீட்ல இருங்க. தினமும் நான் கையப் புடிச்சி நடக்க வைக்கிறேன்.”

மாமனாருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. கிள்ளான் ரயிலில் ஏறினால் வந்துவிடுகிற தூரம்தான். ஆனால் அவர் கணக்கில் அது வேறு நாடு. கீழே இறங்கினால் முடிவெட்டுகிறவர், வடைக்கடை, கோயில் மணி, அரசியல் பேசச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர், எல்லாம் அவருக்குப் பிரிக்பீல்ட்ஸில்தான் இருந்தன. அப்படி இறங்கியே பல மாதங்கள் ஆகியிருந்தன என்பது வேறு விஷயம். “நான் பொறந்தது இங்க, ரயில்வே குவார்ட்டர்ஸ்ல. போறதும் இங்கேருந்துதான். நடுவுல கிள்ளான் எதுக்கு?” என்றார். சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் குரல் அப்படி இல்லை. மகள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை வேண்டிய அளவுக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு உதவி செய்யும் ஆசை வந்தது. எனக்கு அந்த ஆசை வரும்போதெல்லாம் வீட்டில் எதையாவது பத்திரப்படுத்தி வைப்பார்கள். சண்டை வருவது வாட்ச் நிற்பதால். ஆகவே வாட்ச் நிற்காமல் இருந்தால் சண்டை வராது. அந்தக் குடும்பத்தில் கோளாறு வாட்ச்சில் இருக்கிறது என்று கண்டுபிடித்த ஒரே ஆள் நான்தான். இணையத்தில் தேடியபோது வாட்ச் வைண்டர் என்ற பொருள் இருப்பது தெரிந்தது. கண்ணாடிக் கதவு வைத்த சிறு பெட்டி. உள்ளே ஒரு குட்டித் தலையணை. வாட்ச்சை அதில் மாட்டி சுவிட்ச் போட்டால், தலையணை மெல்லச் சுழன்று, கை வீசி நடக்கிற வேலையை நமக்குப் பதிலாகச் செய்துவிடும். இருக்கிற இரண்டு கைகளுக்குப் போதாத அளவு வாட்ச் வைத்திருக்கும் சீமான்களுக்காகச் செய்யப்பட்டது. ஒரே வாட்ச் வைத்திருக்கும் மனிதருக்கு அது தேவையே இல்லை என்று நான் படித்த எல்லாக் கட்டுரைகளும் முதல் பத்தியில் சொல்லின. நான் இரண்டாவது பத்தியிலிருந்து படித்தேன்.

சில நாளில் நான் அந்தத் துறையில் வல்லுநன் ஆகிவிட்டேன். சில வாட்ச்சுகளுக்கு ஒரு பக்கமாகச் சுற்றினால்தான் முறுக்கு ஏறும், சிலவற்றுக்கு எந்தப் பக்கமானாலும் சரி. தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுற்றும் பெட்டியை வாங்குவதே உத்தமம். ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பதைக் குறைவாக வைத்துத் தொடங்கி, வாட்ச் பின்தங்கினால் கூட்ட வேண்டும். ஓயாமல் சுற்றவிடக் கூடாது. கொஞ்சம் சுற்றி, கொஞ்சம் ஓய்வெடுக்கிற மாதிரி அமைத்துவிட வேண்டும். தலையணை, கட்டுகிறவரின் மணிக்கட்டு அளவுக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வார் நெளிந்துபோகும். எல்லாவற்றையும்விட மோட்டார் முக்கியம், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள் என்று அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள். நான் அதில் மட்டும் சிக்கனம் பார்த்தேன். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கைப்பேசி உறை விற்கும் கடையொன்றில், கண்ணாடி அலமாரியின் மூலையில் ஒன்று கிடந்தது.

“ரெண்டு பக்கமும் சுத்தும் பாஸ். உள்ள லைட்டுகூட எரியும்.”

“மோட்டார் எப்படி?”

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சுத்தும் லா, பாஸ்.”

மனைவி சமையலறையில் இருந்த நேரம் பார்த்து அதை மாமனாரிடம் கொடுத்தேன். விளக்கத்தைப் பாதிதான் சொல்லியிருப்பேன். பார்சல் பிரிவில் வாழ்நாளைக் கழித்தவர் அல்லவா, உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. என்னைவிட வேகமாகவே புரிந்தது. பெட்டி துணி அலமாரிக்குள் வேட்டிகளுக்குப் பின்னால் போயிற்று. “மாப்பிள்ள, இத்தன வருஷத்துல நீங்க செஞ்ச ஒரே நல்ல காரியம் இதுதான். அவகிட்ட மூச்சு விடாதீங்க” என்றார். நான் வாங்கிக் கொடுத்தது பரிசு அல்ல, பொய்ச்சாட்சி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன்பிறகு வந்த ஞாயிறுகள் பொன்னானவை. மணிக்கட்டைத் திருப்புவாள், கைப்பேசியைப் பார்ப்பாள், முகம் மலர்ந்துவிடும். நாங்கள் போவதற்கு முன்பே மாமனார் வாட்ச்சை எடுத்துக் கட்டிக்கொண்டு, அலமாரியில் சுவிட்ச்சை அணைத்துவிட்டு, கையைக் கொஞ்சம் வீசியபடியே கதவைத் திறப்பார். “எங்கப்பாவுக்கு முகத்துல ஒரு களை வந்திருக்கு பாருங்க” என்பாள் காரில். மற்ற சாலை விதிகளையெல்லாம் மறந்துவிட்டு நான் நேராக முன்னால் பார்த்து ஓட்டுவேன்.

அகப்பட்டது ஒரு வேலை நாளில். நானும் மனைவியும் விடுப்பு எடுத்திருந்தோம். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு வேலை முடிந்ததும், பக்கத்தில்தானே, அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். போன் செய்துவிட்டுப் போகலாமே என்று நான் சொன்னேன். அப்படி நான் என்றைக்கும் சொன்னதில்லை என்பதால் அவள் உடனே படியேறத் தொடங்கிவிட்டாள். கதவைத் தட்டினோம், பதில் இல்லை. அவளிடமிருந்த சாவியால் திறந்தோம். நாற்காலி காலி. ஆனால் படுக்கையறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையில் ஏதோ சிக்கிய பூனை உறுமுவதைப் போல ஒரு சத்தம். மனைவி அலமாரியைத் திறந்து வேட்டிகளை விலக்கினாள். நீல விளக்கொளியில், கர்ப்பக்கிருகத்தில் இருக்கிற தெய்வத்தைப் போல, வாட்ச் நிதானமாகத் தன்னைத்தானே வலம் வந்துகொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கேள்வியே கேட்கவில்லை, உலகத்தில் இப்படியொரு பொருளை வாங்கக்கூடிய ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?

“காய்ச்சல்காரருக்கு ஐஸ்ல வச்ச தெர்மாமீட்டர குடுத்திருக்கீங்க.”

அவள் கண் கலங்கியிருந்தது. அலமாரியின் மேலிருந்த துணிப்பெட்டியைக் கீழே இறக்கிக் கட்டிலில் திறந்து வைத்து, அப்பாவின் சட்டைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். இன்றைக்கே கிள்ளான். சில சட்டைகள் உள்ளே போன பிறகுதான் இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது: நடக்காத மனிதர் எங்கே போனார்?

வாசலில் செருப்பு இல்லை. கைத்தடி மட்டும் மூலையில் இருந்தது, அதுதான் அவளை அதிகம் கலவரப்படுத்தியது. அவள் படிக்கட்டுக்கு ஓடுவதற்கும் மாமனார் மேலே ஏறி வருவதற்கும் சரியாக இருந்தது. கையில் வடைப் பொட்டலம். நெற்றியில் வியர்வை. கட்டிலில் கிடந்த துணிப்பெட்டி, திறந்த கதவு வழியாகக் கண்ணில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

“எங்கப்பா போனீங்க?”

“எங்க போறது? உன் புருஷன் வாங்கிக் குடுத்தது அந்த உறுமு உறுமுது. வீட்ல மனுஷன் உக்கார முடியல, டிவியில ஒரு வார்த்த காதுல விழல.”

“நிறுத்தி வைக்க வேண்டியதுதானே?”

“நிறுத்தினா வாட்ச் நின்னுடும். வாட்ச் நின்னா நீ பாத்திடுவ.” குரலைத் தாழ்த்தினார். “அது சுத்துறப்ப கீழ போயிடுவேன். அது ரெஸ்ட் எடுக்கறப்ப நானும் மேல வந்து ரெஸ்ட் எடுப்பேன்.”

“தினமுமா?”

“கரண்டு இருக்கிற நாளெல்லாம்.”

அவள் நம்பவில்லை. “வா கீழ” என்று அவரே திரும்பி இறங்கினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள் நானும் என் மனைவியும்தான். வடைக்கடை அண்ணே எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிர்ந்து, “என்ன அங்கிள், இப்பத்தானே போனீங்க? இன்னிக்கு ஓவர்டைமா?” என்றார். மனைவி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நான் பயந்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மேலே வந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் அலமாரியில் அடுக்கினாள். துணிப்பெட்டி பழைய இடத்துக்கே ஏறியது. அதற்குள் வைண்டர் ஓய்வுக்குப் போயிருந்தது. வேட்டிகளை இழுத்து அதன் முன்னால் சரியாக மறைத்து வைத்துவிட்டு, “ஞாயித்துக்கெழம வரோம்ப்பா” என்றாள். மாமனார் கடைசிவரைக்கும் பிரிக்பீல்ட்ஸில்தான் இருந்தார். கிள்ளானுக்கு வந்தார், தீபாவளிக்கு, சாயங்காலமே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் மகள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அவரும் நல்ல பிள்ளையாக நீட்டிக்கொண்டுதான் இருந்தார். இருவருக்கும் எல்லாம் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. வாட்ச் என்னிடம் வந்தது. அதை நான் கட்டுகிறேன், அது நின்றுகொண்டே இருக்கிறது. இதற்கு மேல் என் அன்றாட வாழ்க்கையை விவரிக்க வேண்டியதில்லை. பழைய வைண்டரும் உறுமி ஓய்ந்துவிட்டதால், போன மாதம் அம்பாங் பக்கம் ஒரு பெரிய கடைக்குப் போனோம். இந்த முறை மோட்டாரில் சிக்கனம் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். விற்பனைப் பெண் ஒன்றை எடுத்து ஓடவிட்டு, என் காதருகே கொண்டுவந்தாள்.

“கேளுங்க அங்கிள். சத்தமே வராது. பெட்ரூம்லகூட வைக்கலாம்.”

உண்மைதான், ஒன்றுமே கேட்கவில்லை. நான் தலையாட்டினேன். என் மனைவி வைண்டரைப் பார்த்தாள், பிறகு என் வயிற்றைப் பார்த்தாள்.

“இது வேணாம்மா,” என்றாள். “நல்லா சத்தம் போடற மாதிரி ஏதாவது இருக்கா?”