பூநாரை வீட்டு ஜெரூஷா

எங்கள் குடியிருப்பில் ஜெரூஷா வீடு எது என்று கேட்டால் வாட்ச்மேனே கொஞ்சம் யோசிப்பார். பூநாரை வீட்டம்மா என்று கேளுங்கள், லிஃப்ட் வரை கூடவே வந்து நாலாவது மாடி பட்டனை அழுத்திவிட்டுப் போவார். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் முழுசாகத் தெரிகிற பால்கனி எங்கள் பிளாக்கில் அவளுக்கு மட்டும்தான் வாய்த்தது.

நான் கனகவல்லி. மூன்றாவது மாடியில் பின்பக்க வீடு. என் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் ஒழுகுகிற ஒரு பைப்பும் தெரியும். என் வீட்டை யாரும் தேடி வருவதில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதெல்லாம் ஜெரூஷாக்காவோடு பழகுவதற்கு முன்னால்.

அவளுக்குப் பொத்தேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. வீட்டுக்காரர் ஆஸ்டின் அண்ணா மறைமலை நகரில் காருக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். தங்கமான மனுஷன். ஆனால் அடுப்படிக்குள் நுழைந்தால் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிப்பார்.

இந்த வீட்டுக்காக இருவரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கட்டித் தருகிறேன் என்றவன் ஒவ்வொரு வருஷமும் அடுத்த கிறிஸ்துமஸுக்கு என்று இழுத்தடித்தான். கிழக்குத் தாம்பரத்து வாடகை வீட்டில் உட்கார்ந்து அழுது அழுது, கடைசியில் ஜெரூஷாக்கா ஒரு பொருத்தனை செய்துகொண்டாள். பொருத்தனை என்றால் எங்கள் வேண்டுதல் மாதிரிதான். என்ன, எங்கள் வேண்டுதல் மொட்டை போட்டால் தீர்ந்துவிடும். அவளுடையது இன்றுவரை தீரவில்லை.

வீடு பிரதிஷ்டை, அதாவது அவர்கள் கிரகப்பிரவேசம், நல்ல மே மாதத்தில் நடந்தது. சதுப்பு நிலம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. காற்று அடித்தால் குப்பைக் கிடங்கின் வாடை நேரே ஹாலுக்குள் வந்தது. பாஸ்டரே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் ஜெபித்தார். பிரியாணிக்காகப் போயிருந்த நானும் அப்படித்தான் நின்றேன். சாட்சி சொல்ல எழுந்த ஜெரூஷாக்கா கண்ணீரோடு சொன்னாள்: "ஆண்டவர் இந்த வீட்ட குடுத்தா, வர்றவங்க யாருக்கும் கதவ அடைக்க மாட்டேன்னு பொருத்தனை பண்ணியிருந்தேன். சபைக்கு முன்னாடி சொல்றேன், அடைக்க மாட்டேன்." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அந்த நாற்றத்தில் யார் வரப்போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழைக்கு நிலம் நிறைந்தது. தை பிறந்ததும் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வடிந்தது. ஒரு நாள் காலையில் பால்கனிக் கதவைத் திறந்தால் எதிரே அத்தனையும் இளஞ்சிவப்பாக இருந்தது. பூநாரைகள். சந்தோஷத்தில் என்னை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டியது அவள்தான். அன்று அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்க்கவில்லை.

முதலில் சபைப் பெண்கள் வந்தார்கள். பிறகு அவர்கள் நாத்தனார்கள் வந்தார்கள். வாரம் ஒரு வீடு என்று சுற்றி வருகிற காட்டேஜ் பிரேயர், பறவை இருக்கிற மாதங்களில் மட்டும் எப்படியோ இவள் வீட்டுக்கே சுற்றிச் சுற்றி வந்தது. நாகர்கோவில் சொந்தக்காரர்கள் பொங்கல் லீவை இங்கே வைத்துக்கொண்டார்கள். அதோடு போயிற்றா என்றால் இல்லை. சபையில் கிடார் வாசிக்கிற ஜெர்சன் என்பவன் பால்கனியில் நின்று ஒரு வீடியோ எடுத்துப் போட்டான். சென்னையைச் சுற்றிக் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்களாம். வண்டலூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே எங்கள் நாலாவது மாடி. "சீசன் டைம்ல விடியக்காலைல வாங்க, செமையா இருக்கும். ஆன்ட்டி டீயும் சூப்பரா போடுவாங்க" என்று வேறு சொல்லி வைத்தான் அந்தப் புண்ணியவான். அதற்குப் பிறகு முன்பின் தெரியாதவர்கள் கேமராவும் கழுத்துமாக வந்து பெல் அடித்தார்கள்.

நான் கத்துவேன். "கதவ சாத்துக்கா. நீ என்ன ஓட்டலா நடத்துற?"

"சபை முன்னாடி சொன்னது கனகா. சொல்லிட்டு அடைச்சா நல்லா இருக்குமா?"

ஒரு நாள் அடுப்பெதிரே நின்றுகொண்டு அவளாகவே சொன்னாள். "எனக்கு மூச்சு முட்டுது கனகா. இத்தன பேர் பாக்குறாங்க, நான் பறவைய நேரா பாத்தே ரொம்ப நாளாச்சு. எட்டிப் பாத்தா முதுகுதான் தெரியுது." சொல்லிவிட்டு டம்ளர்களை எண்ணாமல் அடுக்கினாள். அந்த நேரம் அவள் மீது எனக்கு வந்தது இரக்கமா எரிச்சலா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான்.

பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது ஒரே ஒரு விஷயம். ஊட்டி உறைபனி. ஒவ்வொரு ஜனவரியிலும் பேப்பரில் போடுவார்களே, தலைகுந்தா பக்கம் புல்வெளியெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி வெள்ளையாக, அது. கல்லூரி ஸ்டாஃப் டூரில் ஒரு தடவை ஊட்டி போயிருக்கிறாள், மே மாதத்தில். மலர்க் கண்காட்சியில் முன்னால் போனவரின் தொப்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாளாம்.

"வெறுங்கால்ல மிதிக்கணும் கனகா. வெயில் ஏறுனா போயிடுமாம். அதுக்கு முன்னாடி மிதிக்கணும்."

பனி விழுகிற மாதமும் பறவை வருகிற மாதமும் ஒன்று. அதுதான் வினை. ஒவ்வொரு வருஷமும் பையை எடுப்பாள், யாராவது வந்து நிற்பார்கள், பை பரணுக்குத் திரும்பிப் போகும்.

இந்த வருஷம் மழை அதிகம். தை பிறந்தும் தண்ணீர் ஆழமாகவே கிடந்தது, பூநாரைகள் இறங்கவில்லை. வந்தவர்கள் பால்கனியில் நின்று உச்சுக் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். சில நாட்களில் பெல் சத்தமே நின்றுவிட்டது. நான் அவளைக் கேட்கவே இல்லை, நீலகிரி எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன். ஆஸ்டின் அண்ணாவும் "போய்ட்டு வா ஜெரூஷா, பறவைதான் வரலையே" என்று பெரிய மனது பண்ணினார். பறவை வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில். வெள்ளிக்கிழமை காலையில் பூநாரைகள் வந்து இறங்கின.

சாயங்காலம், வாசல் கூட்டுகிற எல்லம்மா மூச்சிரைக்க என் வீட்டு வாசலுக்கு வந்தாள். "யக்கா, நாலு காரு வந்து நிக்குது. எல்லாம் மேல் வூட்டுக்குத்தான். இன்னாக்கா, அந்தம்மா ஊருக்குப் போறேன்னு சொல்லிகினு இருந்துச்சே?"

நான் பையோடு மேலே ஓடினேன். ஹால் நிறைய செருப்பு. பால்கனியில் முதுகுகள். ஆஸ்டின் அண்ணா நடுவில் நின்று கையை நீட்டி நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். சமையலறையில் ஜெரூஷாக்கா பயணத்துக்குக் கட்டின புதுப் புடவையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவள் பை சிலிண்டர் பக்கத்தில் இருந்தது.

"நீ போய்ட்டு வா கனகா" என்றாள். "போட்டோ எடுத்துட்டு வா."

எனக்குக் கண் மண் தெரியாமல் கோபம் வந்தது. "போட்டோ யாருக்கு வேணும்? கதவ அடைக்க மாட்டேன்னு சொன்ன, சரி. உள்ளயே கெடப்பேன்னு எப்பக்கா சொன்ன?"

வடிகட்டியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்தாள், பையைத் தூக்கினாள். ஹாலைக் கடக்கும்போது, "என்னங்க, நான் கெளம்புறேன்" என்றாள்.

"சரி சரி. டீ ஆச்சா?" என்றார் ஆஸ்டின் அண்ணா, திரும்பாமல்.

முதுகுகளில் ஒன்றும் திரும்பவில்லை. கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்தோம். லிஃப்டில் அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், கீழே வந்ததும் மறுபடி சிரித்தாள். ரயிலில் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்துக்கொண்டு, எவர் கூப்பிட்டாலும் இறங்க மாட்டேன் என்று அறிவித்தாள். டீ விற்றுக்கொண்டு வந்தவரிடம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள்.

சனிக்கிழமை ஊட்டி போய்ச் சேர்ந்து, லாட்ஜில் மூன்று கம்பளிக்குள் நடுங்கி, ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு ஒரு டாக்ஸி பிடித்தோம். அன்று ராத்திரியே திரும்புகிற ரயில். இருக்கிறது இந்த ஒரு விடியல்தான்.

பனி இருந்தது. பேப்பரில் போடுகிற படம் பொய்யில்லை. ரோட்டோரத்திலிருந்து எதிர்ச் சரிவு வரை ஒரு புல் விடாமல் வெள்ளை. இன்னும் வெயில் வரவில்லை. மூச்சு புகையாகப் போனது. ஜெரூஷாக்கா குனிந்து செருப்பைக் கழற்றினாள், சாக்ஸைக் கழற்றினாள், புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

போன் அடித்தது.

"எடுக்காதக்கா" என்றேன்.

"அவரு. ஏதாவது அவசரமா இருக்கும்." தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்று எடுத்தாள். "சொல்லுங்க... இஞ்சியா? ஃப்ரிட்ஜுல கீழ் டிரே. நல்லா பாருங்க. தக்காளிக்குப் பின்னாடி... இல்லையா? எத்தன பேரு வந்திருக்காங்க?... சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே வந்துட்டாங்களா!"

"அக்கா, வெயில் வருது."

ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினாள். எதிர்ச் சரிவில் யூகலிப்டஸ் மரங்களுக்கு மேல் வெளிச்சம் வந்துவிட்டது.

"அந்தப் பாத்திரம் வேணாம், அது பால் பாத்திரம். சிங்க்குக்கு மேல பெருசு ஒண்ணு இருக்கும்... இல்லங்க, இடது பக்கம். உங்களுக்கு இடது பக்கம். பாஸ்டரம்மாவுக்கு மட்டும் சக்கரை போடாதீங்க."

நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மனசால் அங்கே அந்தச் சமையலறை அலமாரியில் தட்டுத் தட்டாகத் தேடிக்கொண்டிருந்தாள். இழுத்தது அவளுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. வெயில் சரிவில் இறங்கி, பள்ளத்தைத் தாண்டி, எங்கள் பக்கம் ஏறி வந்தது. அது தொட்ட இடமெல்லாம் வெள்ளை போய்ப் பச்சையானது. பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் காரில் ஏறிப் போய்விட்டது.

"ஜன்னல்கிட்ட ஒரு கூடை தொங்குதா? அதுல வெங்காயத்துக்கு அடியில பாருங்க... ம்... ம்... பாத்தீங்களா? சரி. தோல சீவிட்டுத் தட்டுங்க. வெக்கிறேன்."

கண்ணைத் திறந்தாள். வேகமாக இறங்கிப் புல்லில் கால் வைத்தாள். வேறு இடத்தில் வைத்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி, ஒரு வேலிக் கல்லின் நிழலுக்குள் தேடி வைத்தாள். எங்கும் ஈரம்தான் இருந்தது.

"போச்சா?" என்றாள்.

"போச்சு."

அந்தப் போனைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீச வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஆஸ்டின் அண்ணாவை, சபையை, பூநாரைகளை, அவளை, எல்லோரையும் திட்ட வாயைத் திறந்தேன். அவள் முந்தானையால் போனைத் துடைத்து இடுப்பில் செருகினாள். ஈரப் பாதங்களைப் பார்த்தபடியே நின்றாள்.

"இஞ்சி கெடச்சிடுச்சாம் கனகா" என்றாள்.